ரத்துச் செய்யப்பட்ட ஒரு மரணம்

1999 ஒக்ரோபரில் அமெரிக்காவின் டெல் ரே பதிப்பகம் 'வெக்ரர் பிரைம்' என்ற விஞ்ஞானப் புனைகதை நாவலை வெளியிட்டது. எழுதியவர் ஆர்.ஏ. சல்வத்தோரே. ஜோர்ஜ் லூகாஸின் 'ஸ்ரார் வோர்ஸ்' திரைப்படக் கதையை, 1983இல் வந்த மூன்றாவது படம் நிறுத்திய இடத்திலிருந்து மேலே கொண்டுசென்ற பல நாவல்களுள் இதுவும் ஒன்று. இந்த நாவலில் சூபாக்கா இறந்துபோகிறான். விண்கலமோட்டி ஹான் சோலோவின் பக்கத்து ஆசனத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும், ஏழடிக்கு மேல் உயரமான, உடம்பெல்லாம் உரோமம் மூடிய அந்தத் தோழன்தான். புத்தகம் வெளியானதும் ஆத்திரக் கடிதங்கள் குவிந்தன. கொலை மிரட்டல்களும் வந்ததாகச் சல்வத்தோரே பின்னர் கூறியிருக்கிறார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரல் 25ஆம் திகதி, லூகாஸ்பிலிம் நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. இதுவரை வந்த நாவல்கள் இனி அதிகாரபூர்வமான கதையில் சேரா. அவை 'லெஜன்ட்ஸ்', அதாவது வெறும் பழங்கதைகள் என்றது அது. சூபாக்கா சாகவில்லை என்றாயிற்று. இம்முறையும் வாசகர்கள் ஆத்திரப்பட்டார்கள். 1999இல் அந்த மரணத்தை ஏற்க மறுத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

அவன் சாகக்கூடாது என்று சண்டை பிடித்த ஒருவர், பிறகு செத்தவனை ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்பது முரணாகத் தெரியலாம். இரசிகர்களின் சிறுபிள்ளைத்தனம் என்று இதை ஒதுக்கிவிடுவது இலகு. இரு கோபங்களுக்கும் வேர் ஒன்றே என்பதும், அது இலக்கிய வாசகர் எவரும் மதிக்கவேண்டிய ஒன்று என்பதும் என் எண்ணம்.

நாவலின் பின்னணியைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1991இல் பண்டம் பதிப்பகம் வெளியிட்ட திமொதி ஸானின் நாவலோடு இந்தப் புத்தகங்களின் பெரும் அலை தொடங்கியது. அது நியூ யோர்க் ரைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. தொடர்ந்த எட்டு ஆண்டுகளில் நாவல்கள் வரிசையாக வந்தன. ஹானும் லேயாவும் மணமுடித்தார்கள். ஜெயினா, ஜேசன் என்ற இரட்டையரும் அனக்கின் என்ற கடைக்குட்டியும் பிறந்தார்கள். ஆனால் ஆபத்து மட்டும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருந்தது. பழைய பேரரசின் தளபதி ஒருவன் கிளம்புவான். சூரியனையே வெடிக்கவைக்கும் கலம் போன்ற ஓர் ஆயுதம் அவன் கையில் அகப்படும். கடைசி அத்தியாயத்தில் அது அழியும். கதாநாயகர்கள் கீறலின்றித் திரும்புவார்கள். ஆரம்பத்தில் ஆவலோடு படித்தவர்களே அலுத்துப்போனார்கள்.

1999இல் உரிமம் டெல் ரேயிடம் வந்தபோது, பதிப்பகமும் லூகாஸ்பிலிமும் சேர்ந்து ஒரு நீண்ட தொடரைத் திட்டமிட்டன. 2003 வரை 19 நாவல்களாக வந்த அத்தொடரின் முதல் நூல்தான் 'வெக்ரர் பிரைம்'. வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் யூஸான் வொங் என்ற இனம் படையெடுக்கிறது. இயந்திரங்களைப் பாவம் என்று வெறுக்கும் மதம் அவர்களுடையது. அவர்களுடைய கலங்களும் ஆயுதங்களும் உயிருள்ளவை. ஜெடாய் வீரர்களின் 'போர்ஸ்' என்னும் ஆற்றலால் அவர்களை உணரமுடியாது. இம்முறை ஆபத்து உண்மையானது என்று காட்ட, முதல் நூலிலேயே எல்லாரும் அறிந்த ஒருவர் சாகவேண்டும் என்று முடிவாயிற்று. முடிவெடுத்தவர்கள் உரிமையாளரும் பதிப்பாசிரியர்களும், எழுதிக்கொடுத்தவர் சல்வத்தோரே, மிரட்டல் போய்ச்சேர்ந்தது எழுதியவருக்கு.

அன்றைய வாசகர்களை மூன்றாகப் பிரிக்கலாம். சிலர் மரணத்தையே ஏற்கவில்லை. அன்றோடு இந்த நாவல்களை வாங்குவதை நிறுத்தினார்கள். வேறு சிலர் வரவேற்றார்கள்: கடைசியில் ஒரு புத்தகத்தில் எதுவும் நடக்கலாம் என்ற அச்சத்தோடு பக்கம் புரட்டமுடிகிறது என்றார்கள். மூன்றாவது வகையினருக்கு மரணம் சம்மதம், ஆனால் புத்தகம் பிடிக்கவில்லை. இருள் கூடிவிட்டது, இந்த எதிரிகள் வேறேதோ கதையிலிருந்து வந்தவர்கள் போலிருக்கிறார்கள் என்பது அவர்களுடைய முறைப்பாடு.

மூன்றாம் வகையினர் சொல்வதில் நியாயம் உண்டு. நாவலின் முற்பகுதி நீளமானது, தளர்ந்தது. இரு கிரகங்களுக்கிடையிலான பூசல், ஜெடாய் சபையை மீள அமைப்பதா என்ற விவாதம், விண்கற்களுக்கிடையே கலமோட்டும் பந்தயம் என்று கதை அலைகிறது. எதிரிகளின் கொடூரம் திரும்பத் திரும்ப விவரிக்கப்படுவதால் உறைக்காமற் போகிறது. பனிக் கிரகத்தில் நடக்கும் இறுதிப் போர் அவசரமாக முடித்ததாகத் தோன்றுகிறது. சல்வத்தோரே வாட்சண்டையும் மாயமும் கலந்த கற்பனை நாவல்களால் பெயர்பெற்றவர். அவருடைய சண்டைக் காட்சிகளில் உள்ள உயிர்ப்பு உரையாடல்களில் இல்லை.

மரணம் நிகழும் பகுதி மட்டும் வேறு தரத்தில் இருக்கிறது. செர்ன்பிடால் என்ற கிரகத்தின் மீது டொபிடோ என்ற அதன் சந்திரனை எதிரிகள் இழுத்து விழுத்துகிறார்கள். ஹானும் சூபாக்காவும் அனக்கினும் கையிலகப்பட்ட சனங்களைக் கலத்தில் ஏற்றுகிறார்கள். வெளியே அகப்பட்ட அனக்கினைச் சூபாக்கா காப்பாற்றிக் கலத்துக்குள் சேர்த்துவிடுகிறான். தான் ஏறமுடியவில்லை. கலத்தை ஓட்டுவது அனக்கின். இன்னும் ஒரு கணம் நின்றால் ஏற்றிய சனம் முழுவதும் அழியும் என்று கணித்து, அந்தப் பதின்பருவப் பையன் கலத்தைக் கிளப்பிவிடுகிறான். சூபாக்கா வானத்தை நோக்கி நின்றபடி சாகிறான்.

அதற்குப் பிறகுதான் நாவலின் உண்மையான பகுதி. தகப்பன் மகனைக் குற்றஞ்சாட்டுகிறான். நீ அவனை விட்டுவிட்டு வந்தாய் என்கிறான். பையன் செய்தது சரி என்று வாசகருக்குத் தெரியும். ஹானுக்கும் எங்கோ தெரியும். தெரிந்தும் சொல்கிறான். சாகசக் கதைகளில் துக்கம் வழக்கமாக மனிதரை உயர்த்தும். இங்கே அது ஹானைச் சிறுமைப்படுத்துகிறது. தப்பி வந்தவர்களிடையே யார் யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்ற கேள்வி எப்படி வேலை செய்யும் என்பதை இந்த வணிக நாவல் அறிந்திருக்கிறது. அடுத்து வந்த நூல்களும் இதைக் கைவிடவில்லை. 2000இல் வந்த ஜேம்ஸ் லூசினோவின் நாவல் சூபாக்காவின் சொந்தக் கிரகமான கஷீக்கில் நடக்கும் நினைவுக் கூட்டத்தைச் சொல்கிறது. ஹான் குடும்பத்தை விட்டு விலகிப்போவதையும் சொல்கிறது. அதே ஆண்டு டார்க் ஹோர்ஸ் நிறுவனம் நான்கு இதழ்களில் வெளியிட்ட சித்திரக்கதை, அவனை அறிந்தவர்கள் அவனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வதாக அமைந்தது. செத்தவீட்டில் நாம் செய்வதும் இதுதான்.

இத்தனை துக்கம் ஏன் இந்தப் பாத்திரத்தின் மேல்? படங்களில் சூபாக்கா பேசுவது நமக்கு விளங்காது. கரடி முதலிய விலங்குகளின் குரல்களைக் கலந்து பென் பேர்ட் அவனுடைய குரலை அமைத்தார். முதல் மூன்று படங்களிலும் அவன் பேச்சுக்கு எழுத்து மொழிபெயர்ப்பு இல்லை. ஹான் கொடுக்கும் பதிலிலிருந்துதான் அவன் என்ன சொன்னான் என்று ஊகிக்கிறோம். ஊரைவிட்டு வந்த ஒருவன். அவன் மொழி அறிந்தவர் சுற்றிலும் ஒருவர் இருவரே. அவன் இனத்தின் ஆயுளோ பல நூறு ஆண்டுகள். ஹானுக்கு முன்னால் அவன் போவான் என்று எவரும் எண்ணவில்லை. அவன் செத்ததும் ஹானிடமிருந்த ஒரு மொழியும் பேச ஆளில்லாமற் போகிறது. புகலிடத்தில் வயதான ஒருவர் தன் ஊர்ப்பேச்சுக்கு மறுமொழி தரும் கடைசிக் கூட்டாளியை இழப்பதை நாம் காண்கிறோம். அந்த இழப்பின் அளவு நமக்குப் புரியும்.

பாத்திரங்களுக்காக வாசகர் எழுத்தாளரோடு மல்லுக்கட்டுவது எமக்கும் புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது வாசகர்கள் திருப்திப்படவில்லை. பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைக் கல்கி ஒரு முடிவுரையில் சொல்ல நேர்ந்தது. பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அக்கதையை மேலே கொண்டுசென்றார். அதற்கும் முன்னே போனால், வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பனில் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில் அகலிகை இரண்டாந் தடவையும் கல்லாகிறாள். ஒன்றை ஏற்றவர் மற்றதை மறுக்கலாம், ஏசலாம். ஆனால் ஒன்று வந்ததால் மற்றது நடக்கவில்லை என்று அறிவிக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை. ஸ்ரார் வோர்ஸ் உலகத்துக்கு உரிமையாளர் உண்டு. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்பிலிமை 400 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. புதிய படங்கள் எடுக்கவேண்டும். பழைய நாவல்கள் வழியை மறித்தன. கதைத் தொடர்ச்சியைப் பதிவுசெய்து பேணும் பொறுப்பிலிருந்த லீலண்ட் சீ, நாவல்களில் சூபாக்காவைக் கொன்றுவிட்டிருந்தது அந்த முடிவுக்கு ஒரு முக்கிய காரணம் என்று பின்னர் சொன்னார். படத்தில் அவன் தேவைப்பட்டான். நியாயமான காரணம்தான். பழைய நூல்கள் அழிக்கப்படவும் இல்லை. 'லெஜன்ட்ஸ்' என்ற பட்டை போட்டு இன்னும் விற்கப்படுகின்றன. நடக்காத ஒன்றாக அறிவிக்கப்பட்ட மரணத்துக்கு இன்றும் விலை அறவிடுகிறார்கள்.

அப்படி உயிர்மீட்ட சூபாக்காவுக்குப் படங்கள் என்ன கொடுத்தன? 2015இல் வந்த படத்தில் ஹான் தன் மகன் கையாலேயே சாகிறான். நாவலில் மகனுக்காகத் தோழன் செத்தான். படத்தில் மகன் தகப்பனைக் கொல்லத் தோழன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தளத்துக்குத் திரும்பியபின் லேயா அவனைத் தாண்டிப்போய், அன்றுதான் சந்தித்த பெண்ணைக் கட்டியணைக்கிறாள். வாழ்நாள் முழுவதும் ஹானோடு இருந்தவன் தனியே நடந்துபோகிறான். அது ஒரு பிழைதான் என்று இயக்குநர் ஜே.ஜே. ஏப்ராம்ஸ் பின்னர் ஒப்புக்கொண்டார். 2019இல் அவரே எடுத்த படத்தில் சூபாக்கா கலத்தோடு வெடித்துச் சிதறியதாகக் காட்டி, சற்று நேரத்தில் அவன் வேறொரு கலத்தில் இருந்தான் என்று சொல்லிவிடுகிறார். அதே படத்தில் லேயா இறந்த செய்தி கேட்டு அவன் கதறி விழும் காட்சி நன்றாக வந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அவனுடைய சாவு அங்கே ஒரு விளையாட்டு.

இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது வாசகர்களின் இரண்டு கோபமும் விளங்குகிறது. 1999இல் அவர்கள் இழப்பைத் தாங்கமாட்டாமல் கோபப்பட்டார்கள். பிறகு பலர் அந்தக் கதையோடு சேர்ந்து அழுது, ஹான் மகனோடு மெல்ல மெல்லச் சமாதானமாவதைப் படித்து, இழப்பைத் தம்முடையதாக்கிக் கொண்டார்கள். 2014இல் அந்தத் துக்கம் வீண் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. முதலாவது கோபம் கதையின் மேல் வந்தது. கதை அதைத் தாங்கிக்கொண்டது. இரண்டாவது, கதையை ஒரு சொத்தாக மட்டும் பார்ப்பவர்களின் மேல் வந்தது. நடந்தது நடந்ததாக இருக்கவேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள வேண்டுகை. மரணத்தை மீளமுடியாததாக அவர்கள் நம்பியதால்தான் முதலில் அவ்வளவு கொதித்தார்கள். எழுத்தாளரை மிரட்டியவர்களை இதில் நான் சேர்க்கவில்லை. அது வெறும் ரவுடித்தனம்.

உண்மையாக நடந்த சாவுகளை நடக்கவில்லை என்று சொல்லும் அறிக்கைகளைப் படித்தவர்கள் நாம். அதனோடு இதை ஒப்பிட நான் முனையவில்லை. இங்கே சாகடிக்கப்பட்டது ஒரு கற்பனை உயிர்; இலாபமும் நட்டமும் ஒரு கொம்பனியினுடையவை. ஆனால் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் இந்தப் புத்தகங்களையும் படங்களையும்தான் பார்த்து வளர்கிறார்கள். ஓர் இழப்பு எவ்வளவு காலம் ஒரு குடும்பத்துக்குள் இருக்கும், அது எப்படி நல்லவனை அநியாயம் பேசவைக்கும் என்பதை அவர்கள் எங்கிருந்தாவது படிக்கவேண்டும். சுமாரான நாவல்தான் என்றாலும், 'வெக்ரர் பிரைம்' அதைச் சொல்கிறது. இலக்கியமில்லை என்று நாம் தள்ளிவைப்பதற்கு முன், வீட்டுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு ஹான் பக்கமா அனக்கின் பக்கமா என்று கேட்டுப் பார்க்கலாம்.