பார்ப்போரும் பார்க்கப்படுவோரும்: 'பிக் பாஸ்' பற்றிய ஒரு நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் மனிதரின் அந்தரங்கத்தையும் விற்பனைப் பண்டமாக்குகின்றன என்பது புதிய கருத்தன்று. ஆயினும் அப்பண்டம் நம்மவர் முகத்தோடு வீட்டுக்குள் வரும்போது அதனை இனங்காண்பது எளிதன்று. 1999இல் நெதர்லாந்தில் தோன்றிய 'பிக் பிரதர்' நிகழ்ச்சியின் வழிவந்த தமிழ் 'பிக் பாஸ்', 2017இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2019இல் ஒளிபரப்பான அதன் மூன்றாம் பருவத்தில் இலங்கையரான லொஸ்லியாவும் தர்ஷனும் பங்குபற்றியமை, கல்முனைக் கரையோரத்தில் வாழும் நமக்கும் அதனைச் சொந்த நிகழ்ச்சியாகத் தோன்றச் செய்தது.

அதன் அபத்தத்தை ஒரு காட்சியே புலப்படுத்தும். உறவினர் உள்ளே வருகையில், கட்டளை பிறந்ததும் போட்டியாளர் அசையாது உறைந்து நிற்றல் வேண்டும். நெடுங்காலம் பிரிந்து கனடாவில் வாழ்ந்த தந்தையை லொஸ்லியா கண்டது இவ்விளையாட்டின் நடுவிலேயாம். யுத்தமும் பிழைப்புத் தேடலும் குடும்பங்களைச் சிதறடித்த நாடு இது. மத்திய கிழக்குக்குச் சென்றோரை எதிர்பார்த்திருக்கும் இல்லங்கள் நம் ஊர்களிலும் பல. அப்பிரிவுத் துயரே அங்கு பொழுதுபோக்காயிற்று. அதே பருவத்தில் நடிகை மதுமிதா தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டபோது, விதிமீறல் எனக் கூறி அவரை வெளியேற்றினர். நெருக்கடியைத் தோற்றுவித்த அமைப்பு, அதன் விளைவைத் தனியொருவரின் குற்றமாக்கியது.

போட்டியாளர் ஒப்பமிட்டே சென்றனர் என வாதிடலாம். அது உண்மையே. ஆயின் இருபத்துநான்கு மணிநேரப் பதிவில் எதனைக் காட்டுவது, எதனை நீக்குவது என்னும் உரிமை அவர்களிடம் இல்லை. ஏறத்தாழ ஒரு மணிநேரமாகச் சுருக்கப்பட்டதே அவர்தம் குணமாகக் கொள்ளப்படுகின்றது. அதன்மீதே வாக்கும் வசையும் விழுகின்றன.

இத்தகைய தெரிவின் வலிமையை நாம் அவ்வாண்டிலேயே வேறொரு களத்தில் அனுபவித்தோம். ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுத் தாக்குதல்களின் பின், 26ஆம் திகதி சாய்ந்தமருது வீடொன்றில் நிகழ்ந்த வெடிப்பில் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். தொடர்ந்த தேடுதல்களில், வன்செயலோடு யாதொரு தொடர்புமற்றோரின் வீடுகளும் படம்பிடிக்கப்பட்டன; வீட்டுக் கத்தியும் செய்தித் திரையில் ஆயுதமாயிற்று. அம்மக்கள் எதற்கும் ஒப்பமிட்டவரல்லர். பொழுதுபோக்கையும் அவ்வவலத்தையும் சமப்படுத்துதல் எமது நோக்கமன்று. ஒரு துண்டுக் காட்சியை முழு மனிதராகக் கொள்ளும் பார்வைப் பழக்கம் இரண்டுக்கும் பொது என்பதே எமது கருத்து.

இரண்டு மாதங்கள் கழிந்து, ஜூன் 23ஆம் திகதி அப்பருவம் தொடங்கியபோது, பார்க்கப்பட்டவர்களாகிய நாமே பார்ப்போராகவும் தீர்ப்பிடுவோராகவும் மாறினோம். இம்முரண்பாட்டைத் தடையோ ஒழுக்கப் பிரசங்கமோ தீர்க்காது. காட்டப்பட்டதைக் கொண்டு ஒருவரைத் தீர்ப்பிடுமுன், காட்டப்படாதது யாது, அதனை நீக்கியவர் யார், அதனால் பயனடைவோர் யார் என வினவும் பயிற்சியை வகுப்பறைகளிலும் வாசகர் வட்டங்களிலும் வளர்த்தல் வேண்டும். இலக்கியப் பிரதியை ஆராயும் நுண்மையோடு தொலைக்காட்சியையும் ஆராய்வது இன்றைய திறனாய்வின் கடமையாகும்.