கையெழுத்துப் போட்டவர்கள்

‘செர்னோபில்’ தொடர் 2019இல் வந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஐந்தாவது பகுதி முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “எஞ்சினியரிங் படிச்சதுக்கு இன்னிக்குத்தான்டா பெருமையா இருக்கு” என்றான் ஒருவன். நாங்கள் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

போன மாதம் அதை மறுபடியும் பார்த்தேன். கூடவே ‘தி ரயில்வே மென்’ தொடரையும், போயிங் பற்றிய ‘டவுன்ஃபால்’ ஆவணப்படத்தையும் பார்த்தேன். மூன்றும் பேரழிவுகளைப் பற்றியவை. இந்தத் தடவை அந்தப் பெருமை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. நீதிமன்றத்தில் விஞ்ஞானி லெகசோவ் சிவப்பு, நீல அட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, அணு உலை எப்படி வெடித்தது என்று விளக்குகிறார். உலையை நிறுத்துவதற்கான கட்டுப்பாட்டுக் கோல்களின் முனையில் கிராஃபைட் இருந்தது. குறிப்பிட்ட ஒரு நிலையில் அவசர பொத்தானை அழுத்தினால் உலை அணைவதற்குப் பதிலாக முதலில் சக்தி கூடும். பிரேக்கை மிதித்தவுடன் கார் சீறிப் பாய்வதைப் போல. அணு இயற்பியலை இவ்வளவு எளிமையாக, இவ்வளவு பதற்றத்தோடு சொன்ன இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆனால் அது நடக்கவே இல்லை. 1987இல் நடந்த அந்த விசாரணையில் லெகசோவ் சாட்சி சொல்லவில்லை. அவருக்குத் துணையாக வரும் உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானியும் கற்பனைப் பாத்திரம்தான். பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டவர். புனைவில் இதெல்லாம் சகஜம், அதில் எனக்குக் குறை இல்லை. என் கேள்வி வேறு. அந்தக் காட்சி இல்லாமல் ஏன் அந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை?

ஏனென்றால் நமக்கு உண்மையைச் சொல்ல ஒருவர் வேண்டும், பொய் சொல்ல ஒருவர் வேண்டும். தொடரில் அந்தப் பொய்யர் துணைத் தலைமைப் பொறியாளர் தியாத்லோவ். கத்துகிறார், மிரட்டுகிறார், கீழே இருப்பவர்களை அவமானப்படுத்துகிறார். பால் ரிட்டர் அவ்வளவு நன்றாக நடித்திருப்பதால், வெடிப்புக்குக் காரணமே ஒரு மனிதனின் திமிர்தான் என்ற எண்ணத்தோடு எழுந்து போகிறோம். கோல்களின் குறைபாட்டையும் தொடர் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் மனதில் தங்குவது அந்த முகம்தான்.

ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தத் தொடருக்கு இசையமைத்த ஹில்டுர் குட்னாடோட்டிர், லிதுவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்குள் போய் ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்தே இசையை உருவாக்கினார். தொடரின் சில பகுதிகள் படமாக்கப்பட்டதும் அங்கேதான். செர்னோபில்லில் இருந்த அதே வகை உலை. அந்தக் கோல்களின் குறைபாடு 1983இல், விபத்துக்கு மூன்று வருடம் முன்பு, ஒரு தொடக்கச் சோதனையின்போது கண்டுபிடிக்கப்பட்டதும் இதே இக்னாலினாவில்தான். பார்த்தவர்கள் பதிவு செய்தார்கள். மற்ற நிலையங்களுக்கும் தகவல் போனது. திருத்தம் மட்டும் போகவில்லை.

அந்தத் தகவலைப் படித்துவிட்டு ஃபைலில் வைத்தவர் யார்? அவர் கத்தியிருக்க மாட்டார். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார். அவரை வைத்துத் தொடர் எடுக்க முடியாது என்று நினைக்கிறோம்.

2023இல் வந்த ‘தி ரயில்வே மென்’ 1984 டிசம்பர் போபால் விஷவாயுக் கசிவைப் பற்றியது. நான்கே பகுதிகள். கே கே மேனன் நடித்த நிலைய அதிகாரி, தன் நிலையத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றப் போராடுகிறார். மேனனின் நடிப்புக்காகவே பார்க்கலாம். உண்மையிலும் அன்றிரவு குலாம் தஸ்தகீர் என்ற ரயில்வே அதிகாரி, நேரம் ஆவதற்கு முன்பே ஒரு ரயிலை அனுப்பிவைத்துப் பலரைக் காப்பாற்றினார். அவருடைய கதை சொல்லப்பட வேண்டியதே. ஆனால் தொடர் ரயில் நிலையத்துக்குள் போகப் போக, தொழிற்சாலை நம் பார்வையிலிருந்து விலகுகிறது. எம்ஐசி தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் இணைப்பில்லாமல் இருந்தது. இவற்றுக்கெல்லாம் தேதியும் ஆணையும் உண்டு. வில்லன் நிழலில் இருக்கிறான், வீரன் வெளிச்சத்தில் இருக்கிறான், நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

‘டவுன்ஃபால்’ 2022இல் வந்தது, இயக்கம் ரோரி கென்னடி. மூன்றில் கலையழகு குறைந்தது இதுதான். பேட்டி, கிராஃபிக்ஸ், செய்தித் துணுக்கு, மறுபடி பேட்டி. ஆனால் என்னை அதிகம் உலுக்கியதும் இதுவே. 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், இரண்டிலும் சேர்த்து 346 பேர். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் எம்கேஸ் என்ற மென்பொருள், ஒரே ஒரு சென்சாரை நம்பி இயங்கியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் விபத்து நடந்ததும் சந்தேகம் யார்மேல் விழுந்தது? விமானிமேல். கடைசியாகக் கை வைத்தவன் யாரோ அவன்தான் குற்றவாளி. செர்னோபில்லிலும் முதலில் இதுதானே நடந்தது?

லயன் ஏர் தன் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி வேண்டும் என்று 2017இலேயே கேட்டது. போயிங் ஊழியர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளில் அதைக் கிண்டல் செய்தார்கள். யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. அலுவலகக் கேலி, அவ்வளவுதான். நம் வாட்சப் குழுக்களில் தினமும் ஓடுவது.

படத்தோடு எனக்கு முரண்பாடும் உண்டு. 1997இல் மெக்டானல் டக்ளஸோடு இணைந்த பிறகுதான் போயிங் கெட்டது, அதற்கு முன் அது பொறியாளர்களின் சொர்க்கம் என்கிற மாதிரி படம் போகிறது. பணக்காரர்கள் கெட்டவர்கள், பொறியாளர்கள் அப்பாவிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே சென்சார் போதும் என்கிற வரைபடம் பல பொறியாளர்களின் கையைத் தாண்டித்தானே போயிருக்கும்?

இதை என்னால் தள்ளி நின்று கேட்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அழுத்த வால்வுகளின் சோதனைப் பதிவேடு என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு வால்வுகளில் இரண்டைச் சோதிக்க நேரமில்லை. “அதெல்லாம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும் தம்பி, சைன் போடு லா, லாரி வெயிட் பண்ணுது” என்றார் சீனியர். நல்ல மனுஷன், எனக்குப் பல தடவை சாப்பாடு வாங்கிக் கொடுத்தவர். போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் மூன்று வால்வுகளுக்குப் போட்டேன், கை தயங்கவே இல்லை. அவர் தியாத்லோவ் மாதிரி கத்தியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன்.

நம் ஊருக்கு வருவோம். 1993 டிசம்பர் 11, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவு, போதாத வடிகால், தாங்காத தடுப்புச் சுவர். 2000இல் உயர்நீதிமன்றம் பொறுப்பைப் பங்கு பிரித்தது. மேம்பாட்டாளர், வரைபடம் போட்டவர், பொறியாளர், பக்கத்து நில உரிமையாளர், நகராண்மை என ஒவ்வொருவருக்கும் இத்தனை சதவீதம். நகராண்மைக்கு 15. பின்னர் 2006இல் கூட்டரசு நீதிமன்றம் நகராண்மைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி அதை விடுவித்தது.

அந்தச் சதவீதக் கணக்கைப் போல ஒரு நேர்மையான திரைக்கதையை நான் படித்ததில்லை. வில்லன் இல்லை. பத்தும் பதினைந்துமாகச் சேர்ந்து 48 உயிர். ஆனால் அந்தக் கட்டடத்தின் பெயரில் 2013இல் இங்கே வந்த சினிமா ஒரு பேய்ப்படம். பேய் வசதியானது, அது எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை.

‘செர்னோபில்’ மோசமான தொடர் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு முறையும் பார்ப்பேன். இன்னும் பார்க்காதவர்கள் அவசியம் பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். லெகசோவ் அட்டைகளை மாட்டும்போது அவரை மட்டும் பார்க்காதீர்கள். கோட் சூட் போட்டுப் பின் வரிசைகளில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெயரில்லாத ஆட்களையும் பாருங்கள். போன மாதம் நான் என்னைத் தேடியது அங்கேதான்.