டெண்டரில் விட்டுப்போன வரி

ஆனந்தரங்கப் பிள்ளை எந்த சாஃப்ட்வேரில் டைரி எழுதினார்?

சிரிக்காதீர்கள். 1736 செப்டம்பரில் ஆரம்பித்து 1761 ஜனவரி வரை, துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியை மனிதர் காகிதத்தில் எழுதிவைத்தார். 1846-ல் அது மறுபடி கைக்குக் கிடைத்தபோது, படிக்கத் தமிழ் தெரிந்த ஓர் ஆள் போதுமாக இருந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. லைசென்ஸ் முடிந்துபோச்சு என்று சொல்லவில்லை.

இப்போது ஏதாவது ஓர் அரசு ஆபீஸ், கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் வாங்க விடுகிற டெண்டரைப் புரட்டிப் பாருங்கள். பிராசஸர் என்ன வேகம், எத்தனை வருஷ வாரன்ட்டி, ஏலதாரரின் டர்ன்ஓவர் எவ்வளவு, முன்வைப்புத் தொகை எவ்வளவு... யுபிஎஸ் பேட்டரி வரைக்கும் இருக்கும். 'இதில் சேர்கிற பதிவை இருபது வருஷம் கழித்து எப்படி வெளியே எடுப்பது?' என்ற வரியைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். யார் குறைந்த விலை சொன்னாரோ அவருக்கு ஆர்டர். முடிந்தது கதை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது சும்மா விஷயமில்லை. 1954 நவம்பர் 1-ல் ஊர் கைமாறியது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஒப்பந்தம். தாத்தா அப்படித் தேர்ந்தெடுத்தாரா, அவர் பிறந்தது எப்போது என்பதில்தான் பேரனின் பாஸ்போர்ட்டே தொங்குகிறது. அதற்குச் சாட்சி, 'எத்தா சிவில்' பதிவேட்டில் ஒரு குமாஸ்தா மை தொட்டு எழுதிய நாலு வரி. அந்த மை நிற்கிறது. இன்றைக்குப் பிறக்கிற குழந்தையின் நாலு வரி ஏதோ ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அது எத்தனை காலம் நிற்கும்?

பயமுறுத்தவில்லை, பட்ட அனுபவம்தான். தமிழில் யூனிகோடுக்கு முன்னால் ஆளுக்கொரு ஃபான்ட் வைத்திருந்தோமே, ஞாபகமிருக்கிறதா? தமிழ்நாடு அரசே 2010-ல்தான் யூனிகோடுக்கு ஆணை போட்டது. அதற்கு முந்தைய ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்தாக வரும். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்களோ என்று தோன்றும்!

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம். மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும். ஆக, புதுச்சேரியும் அதற்குள் வருகிறது. கம்ப்யூட்டரில் உண்டாவதும் பொது ஆவணமே என்று அதில் எழுதியே இருக்கிறது. விதிமீறி ஆவணத்தை அழித்தால் ஐந்து வருஷம் வரை சிறை. சரி, ஐந்தே வருஷத்தில் திறக்க முடியாமல் போகிற சாஃப்ட்வேரை வாங்கினால்? வாரன்ட்டி முடிந்துவிட்டது என்று புது டெண்டர் விடுவார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். கம்பெனிகளைப் பற்றிச் சொல்கிறேன். கணக்குப் புத்தகத்தை எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடயத்தைப் பதிகிற, அந்தப் பதிவை அணைக்கவே முடியாத கணக்கு சாஃப்ட்வேரைத்தான் கம்பெனி பயன்படுத்தலாம். அதாவது, வாங்கும்போதே ஆவணத்தை யோசி என்று அரசாங்கம் தனியாருக்குச் சொல்லிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்!

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997-லேயே ஆவண சாஃப்ட்வேருக்கு அளவுகோல் வகுத்து, சோதித்துச் சான்று கொடுக்க ஆரம்பித்தது. நமக்கு அவ்வளவு தடபுடல்கூட வேண்டாம். ஒப்பந்தம் முடிகிற அன்று, எல்லாப் பதிவையும், யார் எப்போது போட்டது என்ற விவரத்தோடு, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற வடிவத்தில் திருப்பித் தர வேண்டும். அதைக் கடைசித் தவணைப் பணம் வாங்குமுன் செய்து காட்ட வேண்டும். இவ்வளவுதான். 'ரேட் ஏறிடுமே சார்' என்பார்கள். ஏறட்டும். தாலி கட்டின பிறகு ஜாதகம் கேட்டால் இன்னும் அதிகம் ஏறும். அப்போது பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது, பதிவெல்லாம் அவர் கையில்.

அதே 1993 சட்டப்படி ஒவ்வொரு ஆபீஸிலும் ஓர் ஆவண அதிகாரி உண்டு. கொள்முதல் கமிட்டியில் அவருக்கு ஒரு நாற்காலி போடுகிறார்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வர முப்பது நாள்.