அல்லி தூங்கும்போது நடந்தது

வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு பெண் சொல்வது நடந்தால் ‘அல்லி ராஜ்யம்’னு கிண்டல் செய்வது நம்ம வழக்கம். எங்க ஐயப்பன்தாங்கல் பக்கம் குடியிருப்புச் சங்கங்களில்கூட இது காதில் விழும். சொல்பவர்களில் பலர் அல்லி கதையைப் படித்ததே இல்லை. சிறுமிகளுக்கான ஜப்பானிய மாங்கா பற்றிக் குறிப்பெடுக்கப் போய், நான் மறுபடி அல்லியிடம் வந்து நின்றேன்.

அந்த மாங்காக்களில் முக்கியமான ஒரு முன்னோடி, ஒசாமு தெசுகா 1953-ல் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’. இளவரசி சஃபையருக்கு ஒரு குட்டித் தேவதையின் குறும்பால் ஆண் இதயம், பெண் இதயம் இரண்டுமே அமைந்துவிடுகின்றன. அந்த நாட்டில் பெண் ஆள முடியாது என்பதால் இளவரசனாக வளர்கிறாள், வாள் வீசுகிறாள். அந்த ஆண் இதயத்தைத் திரும்ப எடுத்து வரும்படி தேவதையை மேலிருந்து அனுப்புகிறார்கள். கதை கல்யாணத்தில் முடிகிறது.

நமக்கு இது புதுசா என்ன? திருவிளையாடல் புராணத்துத் தடாதகை மூன்று முலையோடு பிறந்து, ஆண்பிள்ளை போல வளர்ந்து, முடிசூடி, திசையெல்லாம் வென்றவள். சிவனைப் பார்த்ததும் மூன்றாவது முலை மறைகிறது. இரண்டு கதையிலும் கணக்கு ஒன்றுதான்: காதலும் கல்யாணமும் வரணும்னா உடம்பில் ‘அதிகமாக’ இருப்பது போகணும்.

‘அல்லி அரசாணி மாலை’ இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைப்பாடல் இது. மதுரையை ஆளும் அல்லியிடம் கழிக்க வேண்டிய குறை எதுவும் கிடையாது. பெண்களை வைத்தே அரசு நடத்துகிறாள், ஆண் துணை வேண்டாம் என்கிறாள். வியாச பாரதத்தில் அர்ஜுனன் சித்திராங்கதையை அவள் அப்பாவிடம் கேட்டு வாங்குகிறான். இங்கே பதில் அரசியின் வாயிலிருந்து வரணும். வந்த பதில், மாட்டேன்.

அதற்கப்புறம் நடப்பதைப் பாருங்கள். கிருஷ்ணன் துணையோடு அர்ஜுனன் பாம்பாக மாறி அவள் படுக்கைக்குப் போகிறான். அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான். விழித்ததும் அவள் வெட்கப்படவில்லை, கொதித்துப் போகிறாள்.

இதை அர்ஜுனனின் சாமர்த்தியம் என்று ரசித்துத்தான் பெரும்பாலும் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கதைப்பாடல், தன்னை அறியாமலே, நேர்மையாக இருக்கிறது. சஃபையரும் தடாதகையும் விரும்பித்தான் மாறினார்கள் என்று நம்மை நம்ப வைக்க முடிகிறது. அல்லி விஷயத்தில் அது முடியவில்லை. ஒரு கடவுள், ஒரு மாயவேஷம், ஒரு தூக்கம், இத்தனையும் தேவைப்பட்டிருக்கிறது. அவள் சம்மதம் மட்டும் அதில் இல்லை.

என் குறை, கதையின் பிற்பகுதி மீதுதான். கோபமெல்லாம் அடங்கி அவள் மனைவியாகிறாள், புலந்திரன் பிறக்கிறான். பவளக்கொடி கதையில் அதே அர்ஜுனன், மகன் ஆசைப்பட்ட பவளத் தேருக்காகப் பவளம் தேடிப் போய் இன்னொருத்தியிடம் மயங்குகிறான். அரசி, காத்திருக்கும் மனைவியாகச் சுருங்குகிறாள். தூக்கத்தில் பிடுங்கியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தமிழில் யாராவது அல்லியைச் சிறுமிகளுக்கான காமிக்ஸாக வரைந்தால் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது ஒரே ஒரு பக்கத்தை: அவள் கண் விழிக்கும் பக்கம். அங்கே சிரிப்பு மூட்டியிருந்தால், மீதிக் கதையில் அவள் எத்தனை போர் ஜெயித்தாலும் பிரயோஜனமில்லை.