ஹெப்பாரினில் மாணவரின் பங்கு எவ்வளவு?

இதய அறுவையில் நோயாளியின் இரத்தத்தை இயந்திரத்தின் வழியே திருப்பிவிடுமுன் ஹெப்பாரின் செலுத்தியாக வேண்டும்; இல்லையேல் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். இந்த மருந்தை 1916இல் கண்டுபிடித்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ மாணவர் ஜே மெக்லீன் என்பது பரவலான கூற்று. அது எவ்வளவு தூரம் நிற்கும்?

அவருடைய பின்னணி கதை சொல்பவர்களுக்குத் தோதானது. இளமையிலேயே தந்தையை இழந்தவர். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் குடும்பம் நொடித்துப்போனது. சுரங்கத்தில் வேலை பார்த்துப் படிப்புக்குப் பணம் சேர்த்தார். ஹாப்கின்ஸ் இடமில்லை என்ற பிறகும் பால்டிமோருக்கே போய் நின்று இடம் வாங்கினார். அறுவை மருத்துவராவதுதான் குறி. ஆனால் வைராக்கியம் ஆய்வுக்குச் சான்றாகாது.

பேராசிரியர் வில்லியம் ஹவெல் கொடுத்த வேலை, இரத்தத்தை உறையவைக்கும் செஃபாலினை மூளையிலிருந்து தூய்மையாகப் பிரிப்பது. மெக்லீன் இதயத்திலிருந்தும் கல்லீரலிலிருந்தும்கூடச் சாறு எடுத்தார். எடுத்ததை வைத்திருந்து, வீரியம் எவ்வளவு காலம் தாங்குகிறது என்று திரும்பத் திரும்பச் சோதித்தார். நாள்பட்ட கல்லீரல் சாறு, உறையவைப்பதற்குப் பதில் உறைதலைத் தடுத்தது. கெட்டுப்போன சரக்கு என்று கொட்டிவிடாமல் அதை மறுபடி சோதித்தாரே, அங்கேதான் அவருடைய திறமை தெரிகிறது.

அதற்கு மேல் சான்று மெலிகிறது. 1916 கட்டுரையின் தலைப்பே செஃபாலினின் உறையவைக்கும் செயலைப் பற்றியது. தடுப்புச் செய்தி உள்ளே சுருக்கமாக வருகிறது. பூனை இரத்தத்தில் சாற்றைக் கலந்து, உறைந்தால் சொல்லுங்கள் என்று ஹவெலின் முன் வைத்த காட்சி மெக்லீனே எழுதிய நினைவுக் குறிப்பு. அது அச்சானது 1959இல், அவர் இறந்த பிறகு. மறுப்பதற்கோ ஒப்புவதற்கோ ஹவெல் இல்லை, 1945இலேயே காலமாகிவிட்டார்.

வேதியியல் இன்னும் கறாரான சாட்சி. மெக்லீன் பிரித்தது பாஸ்பரஸ் கொண்ட கொழுப்புப் பொருள். இன்று ஊசியில் ஏற்றப்படுவதோ சர்க்கரைச் சங்கிலி. அந்தத் திசைக்கு ஆய்வைத் திருப்பியது, 1920களில் ஹவெல் தண்ணீரில் பிரித்தெடுத்த பொருள். அதுவும் தூய்மையற்றது, செலுத்தியவர்களுக்குத் தலைவலியும் காய்ச்சலும் வந்தன. நோயாளிக்குத் தரத்தக்க ஹெப்பாரினை 1930களில் டொரான்டோவில் ஆய்வாளர்கள் சார்ல்ஸும் ஸ்காட்டும் பக்குவப்படுத்தினார்கள்.

ஹெப்பாரின் என்ற பெயரைத் தாங்கி 1918இல் வந்த கட்டுரையில் ஹவெலோடு இணைந்து எழுதிய எம்மெட் ஹோல்ட்டும் ஹாப்கின்ஸ் மாணவர்தான். அவரை யாரும் கண்டுபிடிப்பாளர் என்பதில்லை. பின்னாளில் உரிமை கோரிப் பேசியதும் எழுதியதும் மெக்லீன்தான். பெயர் நிலைத்ததில் அதற்கும் பங்குண்டு.

ஆக, உறைதலைத் தடுக்கும் பொருள் கல்லீரலில் இருக்கலாம் என்ற முதல் துப்பு மெக்லீனுடையது. அதை அவரிடமிருந்து பறித்து ஹவெலுக்கே கொடுத்துவிடுவது தவறு. மருந்தைக் கண்டுபிடித்தவர் என்ற பட்டம் மட்டும் மெக்லீனுக்குப் பொருந்தாது. 1963இல் ஹாப்கின்ஸில் வைத்த நினைவுப் பலகை, ஹவெலுடன் சேர்ந்து அவர் அளித்த பெரும் பங்கு என்கிறது. ‘பெரும்’ என்பதை எடுத்துவிட்டால் கணக்குச் சரி.