மேரி கிங்ஸ்லி சொல்லாமல் விட்டது

முதல் தடவையாகத் தனியாக ஊரை விட்டுக் கிளம்பும் ஒருவனை வைத்துக் கதை பண்ணுவது நாவலாசிரியர்களுக்கு மிகவும் பிடித்தமான காரியம். மூன்றாவது அத்தியாயத்தில் ரயில் ஏற்றிவிட்டால், ஐந்தாவது அத்தியாயத்தில் அவன் புது மனிதனாக இறங்கிவிடுவான். எதிர்ப் பலகையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். நாலு தத்துவம் சொல்லுவார். அதோடு வேலை முடிந்தது. எழுதுகிறவனுக்கு இது சௌகரியம், படிக்கிறவர்களுக்கும் ஆறுதல். ஆனால் உண்மையிலேயே தனியாகப் போய் வந்தவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தால், விஷயம் அத்தனை சுலபமாக நடப்பதாகத் தெரியவில்லை.

மேரி கிங்ஸ்லி என்ற ஆங்கிலப் பெண்மணி 1897-இல் வெளியிட்ட மேற்கு ஆப்பிரிக்கப் பிரயாண நூலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்லுகிறேன். எழுநூறு பக்கத்துக்கு மேல் போகும் பெரிய புஸ்தகம். ஒழுங்கு என்பது மருந்துக்கும் கிடையாது. மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேய் பூசைக்குப் போவார். அங்கிருந்து புகையிலை வியாபாரத்துக்குத் தாவுவார். பொறுமைசாலிகளையும் சோதிக்கிற பக்கங்கள் உண்டு. ஆனாலும் எடுத்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். காரணம், அந்த அம்மாளின் ஹாஸ்யம்.

அவர் பிறந்தது 1862-இல். நாவலாசிரியர் சார்லஸ் கிங்ஸ்லியின் தம்பி மகள். தகப்பனார் டாக்டர், பணக்காரர்களுக்குத் துணையாக உலகம் சுற்றப் போய்விடுவார். தாயார் நோயாளி. தம்பியைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். மேரிக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. காசு கொடுத்துக் கற்பித்தது ஜெர்மன் பாஷை ஒன்றுதான். அதுவும் தகப்பனாரின் ஆராய்ச்சிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று. மற்றதெல்லாம் வீட்டுப் புஸ்தக அலமாரி தந்த படிப்பு. முப்பது வயது வரையில் வீட்டு வேலையும் நோயாளிப் பராமரிப்பும்தான். 1892-இல் சில வாரங்களுக்குள் தகப்பனார், தாயார் இருவரும் இறந்தார்கள். தம்பி கீழ்த்திசை நாடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். யாருக்கும் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டாத நாட்கள் அப்போதுதான் முதல் தடவையாக அவருக்குக் கிடைத்தன. ஒத்திகை மாதிரி கேனரித் தீவுகள் வரையில் போய்வந்தார். 1893 ஆகஸ்டில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கே புறப்பட்டார்.

இதைப் புஸ்தகத்தில் எப்படிச் சொல்லுகிறார் தெரியுமா? புதுக் காசு கிடைத்த சிறுவனுக்கு அதை எப்படிச் செலவழிப்பது என்று தோன்றுமே, அப்படித் தமக்குக் கிடைத்த சில மாத அவகாசத்தை என்ன செய்யலாமென்று யோசித்தாராம். அவ்வளவுதான். தெரிந்தவர்கள் பயமுறுத்தியது, டாக்டர்கள் சொன்னது, யாரோ கொடுத்த உபயோகமற்ற யோசனை எல்லாவற்றையும் வேடிக்கையாக அடுக்குகிறார். படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கலாம்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். பெற்றோர் போய்விட்டார்கள், தம்பியும் போய்விட்டான், தாம் யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டோம் என்று களைத்துப்போய், சாவதற்காகவே அங்கே போனாராம். ஆனால் அந்தத் தேசம் அவரிடம் அன்பாக நடந்துகொண்டது; கொல்லவில்லை.

இந்த இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். ஒன்று பொய், மற்றது மெய் என்று தீர்ப்புச் சொல்லுகிற விமரிசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துக்கத்தில் கிளம்பினவர் திரும்பி வந்து சிரிக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவிலே எங்கேயோ நடந்த விஷயம்தான் வளர்ச்சி. அதைப் பற்றி ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், புஸ்தகத்தின் பெரும் பகுதி 1894 டிசம்பரில் தொடங்கிய இரண்டாவது பிரயாணத்தைப் பற்றியது. அந்த முதல் பிரயாணத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுகிறார். நாம் புஸ்தகத்தில் சந்திப்பது ஏற்கெனவே மாறிவிட்ட ஒருவரைத்தான். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. நானாக இருந்தால் அந்த முதல் கப்பலையும் முதல் இரவையும் விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் தடயங்கள் இருக்கின்றன. காபோன் பிரதேசத்தில் ஒகோவே நதியில் படகு தள்ளக் கற்றுக்கொள்ளுகிறார். பிடித்து அனுப்பிய மீன்களை பிரிட்டிஷ் மியூஸியத்து நிபுணர் மெச்சினதையும், ஒகோவேப் படகைத் தள்ளத் தெரிந்ததையும் மாத்திரம் தம் பெருமைகளாகச் சொல்லிக்கொள்ளுகிறார். (ஒரு மீனுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.) செலவுக்குப் பணம் இல்லாததால் துணி, புகையிலை, தூண்டில் முள் விற்றுக்கொண்டே போனார். வியாபாரம் செய்கிறவளை எல்லோருக்கும் புரிகிறது. சும்மா சுற்றுகிறவளைத்தான் சந்தேகிக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். ‘உன் புருஷன் எங்கே?’ என்பது அங்கேயும் முதல் கேள்வி! இல்லை என்று சொன்னால் கேள்வி நீளும். ஆகையால் அவரைத் தேடித்தான் போகிறேன் என்று சொல்லி, நாம் போக விரும்பும் திசையைக் காட்டிவிடுவது உத்தமம் என்று தனிவழிப் பெண்களுக்கு யோசனை சொல்லுகிறார். நம் ஊர்ப் பெண்களும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்ளுவார்கள்.

முதலை படகில் ஏறப் பார்த்ததும் துடுப்பால் அதன் மூக்கில் அடித்ததும், சுமார் 15 அடி ஆழமுள்ள மிருகப் பொறியில் விழுந்து, கீழே நட்டிருந்த கூர்முனைகளிலிருந்து கனமான பாவாடையால் தப்பியதும் பிரசித்தம். எல்லோரும் எடுத்துச் சொல்லுகிற இடங்கள். எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் வேறு. ஒகோவேயின் சுழல்களுக்கு அருகில் ஓர் இரவு; ஆற்றையும் காட்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கவித்துவமான சிந்தனை எதுவும் தமக்கு உண்டாகவில்லை என்று முதலில் கேலி செய்கிறார். அப்புறம், தாம் ஒரு தனி ஆள் என்ற நினைவே போய்விடுகிறது என்கிறார். மனித வாழ்வையும் அதன் துக்கத்தையும் கவலையையும் மறந்து அந்தச் சூழ்நிலையோடு சேர்ந்துவிடுவதாகச் சொல்லுகிறார். எழுநூறு பக்கத்தில் துக்கம் என்ற சொல் தன் கனத்தோடு விழுகிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த பக்கத்திலே மறுபடியும் சிரிப்பு.

அவர் வளர்ந்துவிட்டார் என்று சொல்லுகிறபோது எச்சரிக்கையாகவும் இருக்கவேண்டும். ஆப்பிரிக்கர்களுக்குச் சட்டமும் நியாயமும் உண்டு, அவர்கள் குழந்தைகள் அல்ல என்று அந்தக் காலத்திலேயே வாதாடினார். ஆனால் ஆங்கில வியாபாரிகளின் ஆதிக்கம் நல்லது என்றும் நம்பினார். சாராய வியாபாரத்தைக்கூட ஆதரித்துப் பேசினார். காட்டில் தனியாகத் திரிந்த அதே அம்மாள் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றார். லண்டனுக்குத் திரும்பினால் தம்பிக்கு வீட்டைக் கவனித்துக்கொண்டார். பிரயாணம் அவரை ஒரு பக்கம் திறந்துவிட்டது. மறு பக்கத்துக் கதவு சாத்தினபடியே கிடந்தது. நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால், முரண்பாடு என்று நம் விமரிசகர்கள் குற்றம் சொல்லுவார்கள்.

1900-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், கைதிகளாக இருந்த போயர்களுக்குப் பணிவிடை செய்தார். அங்கே பரவிய விஷஜுரம் கண்டு ஜூன் 3-ஆம் தேதி இறந்தார். வயது முப்பத்தேழு. கடைசி நேரத்தில் யாரும் பக்கத்தில் இருக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகச் சரித்திரம் எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். அவர் விருப்பப்படியே உடலைக் கடலில் சேர்த்தார்கள்.

முழுப் புஸ்தகத்தையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் காமரூன் மலை ஏறும் அத்தியாயங்களை மாத்திரமாவது படிக்கவேண்டும். 1895 செப்டம்பர். 13,000 அடிக்கு மேற்பட்ட மலை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கிவிடுகிறார்கள். மழையிலும் காற்றிலும் தனியாகச் சிகரத்துக்குப் போய்ச் சேருகிறார். எங்கும் மூடுபனி, பார்க்க வந்த காட்சி ஒன்றுகூடத் தெரியவில்லை. முன்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன காலிப் புட்டிகள் கிடக்கின்றன. மலைக்கு மரியாதையாகத் தம் விஸிட்டிங் கார்டைக் கற்களுக்கு நடுவே வைத்துவிட்டு, இறங்க ஆரம்பிக்கிறார்.