ஆட்டோ இருக்கைக்கு அடியில் ஒரு வில்லை

சாவிக்கொத்தும் பயணப்பெட்டியும் தொலையாதிருக்கவென்று ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் விற்பனைக்கு விட்ட, 11 கிராம் எடையுள்ள ஏர்டேக் என்னும் வில்லையை, ஹட்டனில் ஓடும் ஆட்டோ ஒன்றின் பின்னிருக்கைக்கு அடியில், சொந்தக்காரரின் சம்மதத்தோடு செருகி, நுவரெலியா வீதியில் பரீட்சித்துப் பார்த்தேன்.

செயற்கைக்கோளோடு இதற்குச் சம்பந்தமில்லை. புளூடூத் வழியே இது விடுக்கும் சமிக்ஞையை அருகே செல்லும் எவருடைய ஐபோனாவது ஏற்று, அவர் அறியாமலே இடத்தைத் தெரிவித்துவிடும். ஆகவே, ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் அடிக்கடி புதுப்பிக்கப்பட்ட புள்ளி, கொட்டகலை தாண்டித் தேயிலை மலைகளுக்குள் புகுந்ததும் அசையாது நின்று, தலவாக்கலைக் கடைத்தெருவில்தான் மறுபடி நகர்ந்தது. களவுபோன வண்டியைத் துரத்துபவனுக்கு இது பெருங்குறை. கள்வனுக்கோ வண்டி போகும் வழி அவசியமில்லை, இரவில் அது நிற்கும் லயம் எதுவென்று தெரிந்தால் போதும். அதற்குச் சுற்றுலாப் பயணி ஒருவரின் ஐபோன் அவ்வழியே ஒருமுறை கடந்தாலே காரியம் ஆகிவிடும்.

"இத யாராச்சும் நமக்கே வச்சுட்டா எப்பிடி சார் தெரியும்?" என்றார் ஓட்டுநர்.

நியாயமான கேள்வி. விலையுயர்ந்த கார்களில் இத்தகைய வில்லைகளை மறைத்துவைத்து, பின்னர் இருப்பிடமறிந்து திருட முற்பட்ட 5 சம்பவங்களைக் கனடாவின் யோர்க் பிராந்தியப் பொலிசார் 2021 டிசம்பரில் வெளிப்படுத்தினர். உடையவரைப் பிரிந்த வில்லை 3 நாட்கள் கழித்தே ஒலியெழுப்பும் என்றிருந்த ஏற்பாடு, அதற்கு முன்னரே, அவ்வாண்டு ஜூனில், 8 முதல் 24 மணி நேரம் எனக் குறைக்கப்பட்டது. ஆனால் ஒலிபெருக்கி அகற்றப்பட்ட வில்லைகளும் 2022இல் இணையச் சந்தைக்கு வந்துவிட்டன. ஆப்பிளும் கூகுளும் கூடி 2024 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த எச்சரிக்கையோ ஐபோனுக்கும், ஆறாம் பதிப்பும் அதற்குப் பிந்தியதுமான ஆண்ட்ராய்டுக்கும் மட்டுமே உரியது. கொழும்புக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண்ணின் பையில் ஒருவன் இதைப் போட்டுவிட்டால், அவள் கையிலிருப்பது பொத்தான் கைப்பேசியாயின், அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

சிம் அட்டை பொருத்திய மலிவான ஜிபிஎஸ் கருவிகளே மேல் என்பாரும் உளர். எரிபொருளைத் தூரத்திலிருந்தே துண்டிக்கவல்ல மைகோடஸ் எம்வி720 என்னும் கருவியில், அந்நியர் எவரும் உட்புகக்கூடிய பலவீனங்கள் இருப்பதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை 2022 ஜூலையில் எச்சரித்தது. கினிகத்தேனை வளைவொன்றில் இஞ்சின் நிற்பதை எண்ணிப் பார்த்தால், அச்சிபாரிசை நான் செய்யமாட்டேன்.

பெட்டிக்கு ஏர்டேக் வாங்கலாம். வண்டியைக் காக்க இதை நம்ப வேண்டாம். வேண்டாத இடத்தில் கிடைத்தால், என்எப்சி வசதியுள்ள கைப்பேசியை அதன்மேல் வைத்ததும் தோன்றும் தொடரிலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, பின்மூடியை அழுத்தி இடப்புறம் திருகி மின்கலத்தைக் கழற்றி, வில்லையைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும்.